சால்சா படம் பார்த்த பிப்ரவரி

பிப்ரவரி 8, சனி

'க்யூபன் ஃப்யூரி'யை மறுபடியும் பார்த்தேன். இந்த முறை தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். 2014 காதலர் தினத்தன்று இங்கிலாந்தில் வெளியான படம். இயக்கம் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ், கதாநாயகன் நிக் ஃப்ராஸ்ட்.

கதை எளிமையானது. 1987இல் புரூஸ் என்ற பதின்மூன்று வயதுப் பையன், ஜோடியாக ஆடும் லத்தீன் நடனமான சால்சாவில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கிக்கொண்டிருக்கிறான். சகோதரி சாம்தான் ஜோடி. பெரிய போட்டி ஒன்றுக்கு ஜிகினா வைத்த சட்டை போட்டுக்கொண்டு போகும் வழியில் சில பையன்கள் அவனைப் பிடித்து அடிக்கிறார்கள். சட்டையில் இருந்த ஜிகினாவைப் பிய்த்துத் தின்ன வைக்கிறார்கள். அன்றோடு ஆட்டத்தை விட்டுவிடுகிறான். இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, லேத் இயந்திரம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் கனத்த உடம்புக்காரனாக அவனைப் பார்க்கிறோம். அமெரிக்காவிலிருந்து புது மேலதிகாரியாக ஜூலியா வருகிறாள். அவளுக்கு சால்சா பிடிக்கும் என்று தெரிந்ததும் இவனுக்குள் பழைய தாளம் கிளம்புகிறது.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தம்பி கேட்டான்: "அக்கா, இந்தாளு நெஜமாவே ஆடுறாரா, இல்ல வேற யாராவது ஆடுறாங்களா?"

"கால நல்லாப் பாரு," என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பியின் கேள்வி மனதிலேயே இருக்கிறது. நிக் ஃப்ராஸ்ட் இந்தப் படத்துக்காக ஏழு மாதம், நாளுக்குப் பல மணி நேரம் சால்சா பயின்றார். கதைக்கான யோசனையும் அவருடையதுதான். ஒரு ராத்திரி குடித்துவிட்டுத் தயாரிப்பாளர் நைரா பார்க்குக்கு மின்னஞ்சலாகத் தட்டிவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரைக்கதையை எழுதியவர் ஜான் பிரௌன்.

அந்த ஏழு மாதமும் திரையில் தெரிகிறது. ஆடத் தெரியாத நடிகரை வைத்து நடனப் படம் எடுத்தால் கேமரா முகத்துக்கும் இடுப்புக்கும் பாதத்துக்கும் தாவித் தாவி ஓடும், நொடிக்கு ஒரு வெட்டு விழும். இங்கே பல இடங்களில் தலை முதல் கால் வரை அவர் ஃப்ரேமுக்குள் முழுசாக நிற்கிறார். எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவதை நம்மால் பார்க்க முடிகிறது. சால்சாவுக்கு உயிரே அந்த எடை மாற்றம்தான். இடுப்பை யாரும் தனியாக ஆட்டுவதில்லை. முட்டியை மடக்கி நீட்டும்போது எடை இறங்குகிறது, இடுப்பு தானாகத் திரும்புகிறது. கனத்த உடம்பில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது, பார்க்கவும் அவ்வளவு அழகாக இருக்கிறது.

நம் படங்களில் குண்டாக இருப்பவர் ஒரு ஸ்டெப் வைத்தாலே பின்னணியில் ஒரு கேலி வாத்தியம் கேட்டுவிடும், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், ஆடுகிறவரும் சிரிப்பு வாங்கத்தான் ஆடுவார். புரூஸை ஆபீஸிலும் தெருவிலும் கேலி செய்கிறவர்கள் படத்தில் உண்டு. ஆனால் அவன் ஆடத் தொடங்கிவிட்டால் படம் அவனைக் கேலி செய்வதில்லை. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு என் சால்சா வகுப்பு. புதிதாகச் சேர்ந்த இருவருக்கு மாஸ்டர் பேசிக் ஸ்டெப் சொல்லிக்கொடுத்தார். எட்டு எண்ணிக்கை; ஒன்று இரண்டு மூன்று, அப்புறம் ஐந்து ஆறு ஏழு. நான்கிலும் எட்டிலும் கால் வைக்கக் கூடாது. புதியவர்களுக்கு அந்த இரண்டு இடத்திலும் கால் துடிக்கும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்போது நாம் மட்டும் சும்மா நிற்பது தப்பு மாதிரி தோன்றும். மாஸ்டர், "அவசரப்படாதீங்க, அதுவும் ஆட்டம்தான்" என்றார்.

புரூஸ் தன் பழைய வாத்தியார் ரான் பார்ஃபிட்டைத் தேடிப் போகும் காட்சிகள் அப்போது நினைவுக்கு வந்தன. ரானாக வருவது இயன் மெக்‌ஷேன். சிரிக்காத முகம், கரகரத்த குரல். பாதியில் ஓடிப்போன மாணவனைக் கட்டிப்பிடித்து வரவேற்கிற வாத்தியார் இல்லை அவர். விட்டுப்போனது அவருக்கு இன்னும் வலிக்கிறது, அந்த வலியைக் கோபமாகத்தான் காட்டத் தெரிகிறது. ஸ்டெப் சரியாக இருந்தும் நெஞ்சு இல்லை என்று திருப்பி அனுப்புகிற வாத்தியாரிடம் படித்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பரதமோ மிருதங்கமோ, எதுவாக இருந்தால் என்ன.

பிப்ரவரி 12, புதன்

ராத்திரி சமைத்துக்கொண்டே, 1974இல் பாடகி சீலியா குரூஸும் இசைக்கலைஞர் ஜானி பச்சேகோவும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டேன். கிளேவ் என்கிற இரண்டு மரக்குச்சிகள் தரும் ஐந்து தட்டுதான் மொத்த இசைக்கும் முதுகெலும்பு. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. பல பாட்டில் குச்சிச் சத்தமே காதில் விழாது. ஆனாலும் பியானோ, கொங்கா மேளம், ட்ரம்பெட் எல்லாம் அந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கும்.

இந்த இசையின் வேர் க்யூபாவில் இருக்கிறது. சால்சா என்ற பெயரில் அது உலகத்துக்குப் போனது நியூயார்க்கிலிருந்து. ஐம்பதுகளில் அங்கே பல்லேடியம் நடன அரங்கில் மாம்போ என்ற க்யூப நடன இசை கொடிகட்டிப் பறந்தது. 1959 புரட்சி, 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடை என்று க்யூபாவோடு இருந்த போக்குவரத்து அறுந்துபோனது. அதன்பின் நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ வம்சத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதை முன்னே கொண்டுபோனார்கள். 1964இல் பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் ஃபானியா இசை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏழைத் தெருக்களில் வளர்ந்த இசை இது. லண்டன் ஆபீஸ்காரன் ஒருவன் ஆடுகிற படத்தில் இந்த வரலாற்றுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். பெயரிலேயே க்யூபாவை வைத்துக்கொண்ட படம்தானே.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைக்கு 'டான்ஸ் வித் மீ', 1998இல் வந்தது. ராண்டா ஹெய்ன்ஸ் இயக்கியது. க்யூபாவிலிருந்து ஹூஸ்டனுக்கு வரும் ரஃபேலாக, போர்ட்டோ ரிக்கோ பாடகர் சயான். போட்டி நடனக்காரி ரூபியாக வனெஸ்ஸா வில்லியம்ஸ். ரூபி ஆடுவது போட்டி மதிப்பெண்ணுக்கு, ரஃபேல் ஆடுவது காதில் விழுகிற பாட்டுக்கு. இருவருக்கும் நடுவில் உள்ள சண்டை அதுதான். அழகான உடம்புகள், அழகான ஆட்டம். அவள் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்க ஆரம்பிக்கும் இடம் எனக்கு நிறையப் பிடித்தது.

ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் புரூஸ் பக்கம்தான் போவேன். ரஃபேலுக்கு ஆட்டம் மூச்சு விடுவது மாதிரி, அதற்காக அவன் எதையும் தாண்ட வேண்டியதில்லை. புரூஸ் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் அந்தப் பதின்மூன்று வயது அவமானத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தம்பி ஊருக்குக் கிளம்பும் முன் கார் பார்க்கிங் காட்சியை மட்டும் திரும்பப் போடச் சொன்னான். ஜூலியாவுக்காக வரிந்து கட்டிக்கொண்டு நிற்கும் ஆபீஸ்காரன் ட்ரூவும் (கிறிஸ் ஓடவுட்) புரூஸும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிங்கில் ஆடியே சண்டை போடுகிறார்கள். ஆபீஸ் சட்டை, டை, கழுத்தில் வியர்வை. நடுவில் காரில் கடந்துபோகிறவராக ஃப்ராஸ்டின் நீண்ட நாள் நண்பர் சைமன் பெக் ஒரு நொடி எட்டிப் பார்க்கிறார். நம்மூர் எதிர்ப்பாட்டு மாதிரிதான், ஒருவன் வைத்த ஸ்டெப்புக்கு மற்றவன் பதில் வைக்கிறான். இத்தனை வருடம் வாய் திறக்காத ஒருவன், தன்னைக் கேலி செய்தவனுக்கு முதல் தடவையாகப் பதில் சொல்கிறான், அதுவும் காலால். தம்பி கைதட்டிவிட்டான்.

ட்ரூ விஷயத்தில் எனக்கு இந்தப் படத்தோடு சண்டை இருக்கிறது. ஆபீஸில் ஒரு பெண்ணைப் பற்றி அவன் பேசுவதெல்லாம் சகிக்க முடியாத பேச்சு. படம் அவனை வில்லனாகத்தான் வைக்கிறது, சரி. இருந்தாலும் அந்தப் பேச்சையே சிரிப்புக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. ஜூலியாவாக நடித்த ரஷீதா ஜோன்ஸ் எவ்வளவு நல்ல நடிகை! அவளுக்கு என்ன வேண்டும், எதற்காக சால்சா ஆடுகிறாள் என்று கேட்க யாரும் மெனக்கெடவில்லை. இரண்டு ஆண்கள் போட்டி போடும் பரிசாகவே பாதிப் படம் போகிறது.

அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுவது சாம். ஒலிவியா கோல்மன், 2019இல் ஆஸ்கர் வாங்கியவர். புரூஸ் ஆட்டத்தை விட்டதும் ஜோடியை இழந்தது இவளும்தானே. அதைப் பற்றி ஒரு குறை சொல்லாமல், கிளப்பில் பார் வேலை பார்த்துக்கொண்டு, அவன் திரும்பி வந்ததும் அவ்வளவு சந்தோஷப்படுகிறாள். கடைசிப் போட்டி இரவில் புரூஸ் முதலில் கைபிடித்து ஆடுவது அவளோடுதான். காதலியோடு ஆடும் ஆட்டம் அப்புறம்தான் வருகிறது. காதல் படம் என்று பெயர் வைத்துக்கொண்டு உடன்பிறந்தவளுக்கு அந்த முதல் ஆட்டத்தைக் கொடுத்தார்கள் பாருங்கள், அதற்காகவே இந்தப் படத்தின் குறைகளை மன்னித்துவிடலாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது புதிதாகச் சேர்ந்த பெண், "பார்க்கிற மாதிரி ஏதாவது சால்சா படம் இருக்காக்கா?" என்று கேட்டாள். இரண்டு பெயரையும் சொன்னேன். புரூஸ் கதையை முதலில் பார்க்கச் சொன்னேன். அதில் பெஜான் என்று ஓர் ஈரானிய நண்பன் வருவான், கேவான் நோவக் நடித்தது. சட்டையின் நிறமும் வாயும் அடங்கவே அடங்காது. ஆனால் ரொம்ப நாள் ஆட்டத்தை விட்டிருந்த புரூஸைக் கூச்சம் தெளியத் தெளிய ஆட்டத்தளத்துக்கு இழுத்துப் போகிறவன் அவன். எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவர் தேவை என்றேன். "அப்ப நம்ம வகுப்புல?" என்றாள். மாஸ்டரிடம் பேசி, இனி செவ்வாய்க்கிழமைகளில் அரை மணி முன்னால் வந்து அவளோடு பேசிக் ஸ்டெப் பயிற்சி செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.