மாத்திரை ஆரம்பித்த பிறகு பேச்சு குறைந்தால்

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதமான வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "கத்தல் நின்னுடுச்சு, ஆனா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான்." காரணம் மாத்திரையாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். எது என்று வீட்டிலேயே கொஞ்சம் கவனித்துவிட்டுப் போனால்தான் மருத்துவரிடம் கிடைக்கிற பத்து நிமிடம் பயன்படும்.

முதல் சில நாட்களில் தூக்கம் வரும், பதற்றம் குறையும். காதில் கேட்கும் இல்லாத குரல்களும் சந்தேகமும் அடங்க நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டாலே கதவைச் சாத்தியவர் ஒருநாள் வாசலில் வந்து நிற்பார். நாலு பேரோடு பழகுவதில் மருந்து செய்கிற பெரிய உதவி இந்தப் பயத்தைப் போக்குவதுதான். ஆர்வமும் முகபாவமும் நோயிலேயே தேய்ந்திருந்தால் மாத்திரை அவற்றை அவ்வளவாகத் திருப்பித் தருவதில்லை.

அளவு கூடினால் வேறு சிக்கல். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் இடங்களை (டி2 ஏற்பிகள்) இந்த மருந்துகள் அடைக்கின்றன. அவற்றில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் நோய் அடங்கத் தொடங்கும். 80 சதவீதத்தைத் தாண்டினால் உடம்பு விறைக்கும் வாய்ப்பு ஏறும். மனச்சிதைவு மாத்திரையான ரிஸ்பெரிடோன் 2 மி.கி.யில் இல்லாத விறைப்பு 6 மி.கி.யில் தலைகாட்டலாம். தெருவில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். கை வீசாமல் நடக்கிறாரா, கையெழுத்து சிறுத்திருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா? அப்படியானால் அவர் சிரிக்காதது முகத்தசை இறுகியதாலும் இருக்கலாம். அளவைக் குறைப்பார்கள், அல்லது விறைப்பைத் தளர்த்தும் டிரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி. சேர்ப்பார்கள். அதை வருடக்கணக்கில் ஓட்டினால் மலச்சிக்கலும் மறதியும் வரும். தேவையா என்று அவ்வப்போது கேளுங்கள்.

குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது அகதீசியாவில், அதாவது மருந்தால் வரும் நிலைகொள்ளாத தவிப்பில். உட்கார முடியாது, கால் மாற்றி மாற்றி நிற்பார், பந்தியில் பாதியில் எழுந்து போவார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் இன்னும் மோசமாகும். "மனசு படபடக்குதா, இல்ல கால்தான் நிக்க மாட்டேங்குதா?" என்று கேட்டாலே பலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இதற்குப் புரோப்ரனோலால் என்ற மாத்திரை தருவதுண்டு. ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

காலை பத்து மணிவரை எழவே முடியவில்லை என்றால் அது மருந்தின் தூக்க மயக்கமாக இருக்கலாம். ஓலான்சபின், குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்துகள் இரண்டிலும் சகஜம். இரவு மாத்திரையை எட்டு மணிக்கே கொடுக்கலாமா என்று கேளுங்கள். சிகரெட்டையும் கணக்கில் எடுங்கள்: புகை இந்த இரண்டு மருந்தையும் உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். சபரிமலைக்கு மாலை போட்டுப் புகையை நிறுத்தினால் அதே மாத்திரை அளவு ரத்தத்தில் ஏறி, ஆள் தூங்கி வழிவார். மாலை போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உடல் எடை ஏறி பழைய சட்டை பொருந்தாததால் வெளியே வராதவர்கள் உண்டு. ரிஸ்பெரிடோனில் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கலாம். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் தடை வரலாம். வாய்விட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. அம்மா எதிரில் பதில் வராது.

"கல்யாணத்துல கலகலப்பா இருக்கட்டும்" என்று நாலு நாள் மாத்திரையை நிறுத்துவது வழக்கமான தவறு. மயக்கம் தெளிந்து உண்மையிலேயே கலகலப்பாக இருப்பார். மருந்தே வேண்டாம் என்று வீடு முடிவு கட்டிவிடும். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. குளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்தால் பழைய அளவை நீங்களாகக் கொடுக்கவே கூடாது, மருத்துவர் 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற்றுவார்.

விறைப்பு, மயக்கம், அகதீசியா எதுவும் இல்லை, சோகமாகவும் இல்லை, ஆனாலும் ஒதுங்கியே இருக்கிறார் என்றால் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பெரிய பலனில்லை. பால் வாங்கி வருவது போல தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு வேலை கொடுங்கள். மூன்று வாரம் அது நிலைத்த பிறகு இன்னொன்று. கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் சில்லறைக்காக அவசரப்படுத்த மாட்டார்.