சி.ஏ. என்று சொன்ன பையன்

நேர்காணலில் நான் கடைசியாகக் கேட்பது ஒரே கேள்வி: என்ன ஆக விருப்பம்? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வணிகவியல் முடித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம், அதிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளிடம் கேட்டால், யோசிக்காமல் வரும் பதில் "சி.ஏ." பல வருடங்களாக அதை அப்படியே 'ஆர்வம்' என்ற கட்டத்தில் எழுதிவைத்துக்கொண்டிருந்தேன்.

நான் திருநெல்வேலிக்காரன். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கண்டெய்னரில் வரும் சரக்கைப் பிரித்து லாரியில் ஏற்றி ஜோகன்னஸ்பர்க் வரை அனுப்பும் ஒரு கம்பெனியில் மனிதவள மேலாளர். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆறேழு பட்டதாரிகளை ஒரு வருடப் பயிற்சிக்கு எடுப்போம். அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சாட்ஸ்வொர்த் பிள்ளைகளுக்கு மட்டும் நான் 'அங்கிள்'. பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் பாட்டியைப் பற்றிப் பேசினால் 'ஆயா' என்பார்கள்.

இங்கே சி.ஏ. ஆவது லேசான காரியமில்லை. மூன்று வருடப் பட்டம், ஒரு வருட மேற்படிப்பு, ஒரு தேர்வு, 'ஆர்ட்டிகிள்ஸ்' என்கிற மூன்று வருடப் பயிற்சி, மறுபடியும் ஒரு தேர்வு. இவ்வளவு நீளமான பாதையை இத்தனை பேர் விரும்புவார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர்களுடைய தாத்தா பாட்டிகள் 1950-ஆம் வருடத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள். அம்மாக்களில் பலர் தையல் ஆலைகளில் இருந்தார்கள். 1990-களில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தபோது அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை 'சி.ஏ.' என்று சொன்னால் கணக்கு பிடிக்கும் என்று அர்த்தமில்லை. என்னை யாரும் சுலபமாக வேலையை விட்டு அனுப்பிவிட முடியாது என்று அர்த்தம்.

இது எனக்குப் புரிவதற்குள் ஒரு திறமைசாலி கையைவிட்டுப் போய்விட்டார். கோவிட்டுக்கு முன்னால் எங்களிடம் கணக்குகளை அலசும் வேலையில் ஒரு பெண் இருந்தார். மூன்று மாத எக்செல் தாளை ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்த வழித்தடத்தில் டீசல் வீணாகிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை என்ன செய்வோம்? பதவி உயர்வு கொடுப்போம். ஒன்பது பேருக்குத் தலைவராக்கினேன். சம்பளம் கூடியது, கார் நிறுத்த இடமும் கிடைத்தது. அப்புறம் தினமும் லீவுச் சண்டை, ஷிப்ட் சண்டை, ஆளுக்கொரு புகார். ஏழாவது மாதம் ராஜினாமா. "வேலை கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டேன். "இல்லை, நன்றாகத்தானே செய்தேன். காலையில் கிளம்பத்தான் மனசு வரவில்லை" என்றார்.

உண்மையிலேயே நன்றாகத்தான் செய்திருந்தார், அதுதான் என்னைக் குழப்பியது. பிறகுதான் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இருந்த திமோத்தி பட்லர், ஜேம்ஸ் வால்ட்ரூப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன். ஒரு வேலையைத் திறம்படச் செய்வது வேறு, அதில் மனசு ஒட்டுவது வேறு. கெட்டிக்காரர்களுக்கு எதையும் செய்துவிட முடிவதாலேயே தப்பான இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்கிறார்கள். வணிகத் துறையில் இருப்பவர்களின் ஆழமான ஆர்வங்களை எட்டாகப் பிரிக்கிறார்கள். எண்களை அலசுவது ஒன்று, ஆட்களை நடத்துவது இன்னொன்று. நான் ஒன்றுக்குப் பரிசாக இன்னொன்றைக் கொடுத்திருந்தேன்.

எங்கள் படிவங்களும் இதற்கு உதவாது. இங்கே கம்பெனிகள் மொத்தச் சம்பளத்தில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்ட வேண்டும். அதில் ஒரு பங்கு திரும்பி வர வேண்டுமானால் ஏப்ரல் 30-க்குள் பயிற்சித் திட்டத்தைக் கொடுக்க வேண்டும். யார் எந்த இனம், ஆணா பெண்ணா, வேலைக்குறியீட்டு எண் என்ன, எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அந்த ஆளுக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை டர்பனில் யாரும் மறக்க முடியாது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. எங்கள் வண்டிகள் அங்கங்கே நின்றன. அந்த வருடம் நிதிப் பிரிவில் ஒரு பையன் பயிற்சியில் இருந்தான். நேர்காணலில் 'சி.ஏ.' என்று சொன்னவன்தான். பில்களைச் சரிபார்க்க வேண்டியவனை இடத்தில் காணோம். தேடிப் போனால் வண்டி அனுப்பும் அறையில், வெள்ளைப் பலகை முழுக்கக் கோடு போட்டுக்கொண்டு, ஓட்டுநர்களிடம் அரைகுறை ஜூலு மொழியில் பேசிக்கொண்டிருந்தான். எந்த ஓட்டுநரின் வீட்டில் தண்ணீர் புகுந்தது, யார் வர முடியும், எந்தச் சரக்கு முதலில் போகாவிட்டால் அழுகும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அங்கிருந்த மேற்பார்வையாளர், பெரிய மனிதர், என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இந்தப் பையனை எனக்குக் கொடுத்துவிடு."

அதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். மூன்று மாதம் வேலை செய்த பிறகு கேட்கிறேன்: யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தது எது? ஒரு பெண், கேன்டீன் அறிவிப்பை யாரும் படிக்கவில்லை என்று தானாகவே திருத்தி எழுதி ஒட்டியதாகச் சொன்னாள். இன்னொருவன், அலுவலகக் கால்பந்து அணியின் சில்லறைக் கணக்கு 40 ராண்ட் உதைக்கிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து தேடியிருக்கிறான். அவன்தான் அசல் சி.ஏ.

வெள்ளத்துப் பையனை மாற்றுவது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. நிதி மேலாளர் முறைத்தார். அதைவிட, பையனே தயங்கினான். "அங்கிள், வீட்டில் என்ன சொல்வது?"

அடுத்த வருடம் புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவனை அவனுடைய ஆயாவோடு பார்த்தேன். நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் கிழவிக்குச் சந்தோஷம். பழைய தமிழை வெளியே எடுத்தாள்.

"தம்பி, ஆபீசுல இவன் என்னா வேலை செய்றான்?"

"லாரியெல்லாம் இவன் பொறுப்புலதான் போகுது ஆயா. முப்பது வண்டி."

"லாரியா? இவன் தாத்தாவும் லாரிதானே." கொஞ்ச நேரம் பேசவில்லை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சம்பளம் மாசாமாசம் வருதா?"

"வருது ஆயா."

"சரி." பிரசாதத் தட்டை என் பக்கம் நீட்டினாள். "அப்புறம், அந்த சி.ஏ.வை எப்போ முடிப்பான்?"