பில்லுல பி.டி. எங்கண்ணே?

போன வாரம் ஒரு சாயங்காலம், கடைல கூட்டமே இல்ல, வாங்கி வச்ச டீ ஆறிப்போயி கெடக்கு, அப்பாவும் பொண்ணுமா ரெண்டு பேரு உள்ள வந்தாங்க. பொண்ணுக்கு ஒம்பது வயசு இருக்கும், ஸ்கூல் யூனிஃபார்ம்கூட மாத்தல. "அண்ணே, நோஸ் பேட் மட்டும் மாத்திக் குடுங்க, கண்ணாடி இறங்கி இறங்கி வருது"ன்னாரு. கைல வாங்கும்போதே லென்ஸ் ஓரம் தடிமனா இருந்துச்சு, பவர் அஞ்சுக்கு மேல இருக்கும்னு தோணுச்சு. பேட மாத்திட்டு, குடுத்துட்டு சும்மா இருந்திருக்கலாம், ஆனா கை சும்மா இருக்காதே, பவரும் லென்ஸோட நடுவும் பாக்குற லென்ஸ் மீட்டர்ல வச்சுட்டேன். ரெண்டு கண்ணும் மைனஸ் 5.50. அப்பா பர்ஸ்ல மடிச்சு வச்சிருந்த ஆஸ்பத்திரி சீட்டுலயும் அதேதான், பவர்ல ஒரு தப்பும் இல்ல.

அப்புறம் மெஷின்ல மூணு புள்ளி குத்தி, இந்தக் கண்ணு நடுப்புள்ளிக்கும் அந்தக் கண்ணு நடுப்புள்ளிக்கும் ஸ்கேல் வச்சா 62 மில்லிமீட்டர். பாப்பாவ ஸ்டூல்ல உக்கார வச்சு, என் கண்ணப் பாருன்னு சொல்லி பி.டி. அளந்தா 56.

கடைக்கு வெளில இருக்குறவங்களுக்கு பி.டி.ன்னா, ரெண்டு கருவிழி நடுவுக்கும் உள்ள தூரம், அவ்ளோதான். லென்ஸோட நடு அந்த எடத்துல நிக்கணும். நிக்கலன்னா நீங்க லென்ஸ் வழியா பாக்கல, பட்டகம் வழியா பாக்குறீங்க, அதாவது படத்த ஒரு பக்கமா தள்ளிக் காட்டுற பிரிசம். எவ்ளோ பட்டகம்னு கணக்குப் போடுறது ஈசி, தள்ளிப்போனத சென்டிமீட்டர்ல எடுத்து பவரால பெருக்கணும். இங்க 0.6 பெருக்கல் 5.5, ரெண்டு கண்ணுக்கும் சேத்து 3.3. அந்தப் புள்ள போர்டப் பாக்குற ஒவ்வொரு தடவையும் ரெண்டு கண்ணையும் வெளிப்பக்கமா தள்ளிப் பிடிச்சாத்தான் ரெண்டு படமும் ஒண்ணா சேரும், காலைல ஒம்பதுலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்.

"பாப்பா, தலை வலிக்குமா?"ன்னு கேட்டேன். "மூணாவது பீரியடு வந்தா வலிக்கும் அங்கிள்."

அப்பா உடனே, "எந்நேரமும் போன் பாக்குறா ஸார், அதான்"னாரு. போன் பாக்குறது நல்லதுன்னு நான் சொல்ல வரல, ஆனா எல்லாத்துக்கும் போனே பழி சுமக்குது இப்பல்லாம்.

சரி, 62 எங்கேருந்து வந்துச்சு? காதுக் கம்பி உள்பக்கம் திருப்பிப் பாத்தேன், 46 – 16ன்னு அச்சடிச்சிருந்துச்சு. 46 ஒரு பக்க லென்ஸ் அகலம், 16 மூக்குப் பாலம். கூட்டுங்க, 62. அதாவது அங்க யாரும் புள்ளயோட மூஞ்சியவே பாக்கல, ஸ்டாக் லென்ஸ எடுத்து ஃபிரேமோட நட்டநடுல சென்டர வச்சு அரைச்சு மாட்டிட்டாங்க, கூட்டம் உள்ள சாயங்காலத்துல ஒரு பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். எந்தக் கடைன்னு கேட்டேன், சொன்னாரு, அது இங்க வேணாம். பில்லயும் எடுத்துக் காட்டுனாரு. ஃபிரேம் மாடல் நம்பர் இருக்கு, லென்ஸ் கோட்டிங் பேரு இருக்கு, ஆஃபர்ல கழிச்சது இருக்கு. "பி.டி. எங்க எழுதிருக்கு?"ன்னு கேட்டா, "அப்புடின்னா என்னண்ணே?"ங்குறாரு.

அவரு கேட்டதுல தப்பில்ல, ஏன்னா அளக்கணும்னோ எழுதணும்னோ எனக்குத் தெரிஞ்சு எந்த விதியும் நம்ம நாட்டுல கிடையாது. மருந்துக்கடை வைக்கணும்னா ரிஜிஸ்டர் பண்ண பார்மசிஸ்ட் வேணும், அதுக்கு 1948லயே சட்டம் வந்துருச்சு. கண்ணாடிக்கடைல கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிறவரு என்ன படிச்சாருன்னு எவனும் கேக்க மாட்டான்.

2021ல ஒரு சட்டம் வந்துச்சு, துணை மருத்துவத் தொழில்களுக்கெல்லாம் சேத்து ஒரே தேசிய கமிஷன். அதுல கண் சம்பந்தமா, கண்ணு டெஸ்ட் பண்ணி பவர் எழுதுற ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்தால்மிக் அசிஸ்டன்ட், விஷன் டெக்னீஷியன்னு மூணு பேரு இருக்காங்க. நல்ல விஷயம், சென்னைல எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985ல ஆரம்பிச்சது, நாலு வருஷம் படிச்சவனுக்கும் நாப்பது நாள் கோர்ஸ் முடிச்சவனுக்கும் வெளில ஒரே கோட்டுதான்னு அந்தப் பசங்க பொலம்பாத நாள் இல்ல. ஆறு மாசத்துல ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்கணும்னு அந்தச் சட்டத்துலயே எழுதிருக்கு, ஆனா 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே இன்னும் ரெண்டு மாசத்துல அமல்படுத்துங்கன்னு சொல்ற நெலமதான் இருந்துச்சு. இதுல எனக்கு இடிக்கிறது என்னன்னா, அந்த மூணு பேர்ல என்னைய மாதிரி ஃபிரேம வளைச்சு, சென்டர் குறிச்சு, லென்ஸ் அரைச்சு, மாட்டிவிடுறவன் இல்ல. சீட்டு எழுதுறவரு கணக்குல இருக்காரு, சீட்டக் கண்ணாடியா மாத்துறவன் கணக்குலயே இல்ல. பாப்பா விஷயத்துல சீட்டு சரியாத்தான இருந்துச்சு?

இங்கிலாந்துல இத வேற மாதிரி பிரிச்சிருக்காங்க. 1958 சட்டத்துல ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில்னு ஒண்ணு வச்சு, டெஸ்ட் பண்றவங்களுக்கு மட்டுமில்லாம கண்ணாடி மாட்டிவிடுறவங்களுக்கும் டிஸ்பென்சிங் ஆப்டிஷியன்னு தனி ரிஜிஸ்டர் போட்டாங்க. டெஸ்ட் முடிஞ்ச உடனே சீட்ட கைல குடுத்துரணும், நீ அங்கயே வாங்குனாலும் சரி, எதிர்த்த கடைல வாங்குனாலும் சரி. 1984ல சட்டத்த தளர்த்தி, பெரியவங்களுக்கு ரிஜிஸ்டர் இல்லாதவங்களும் கண்ணாடி விக்கலாம்னு விட்டுட்டாங்க, போட்டி வந்தா வெல கொறையும்னு. ஆனா 16 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கும், பார்வைக் குறைபாடுன்னு பதிவு பண்ணவங்களுக்கும் மட்டும் விடல, ரிஜிஸ்டர் ஆளே பண்ணனும், இல்லாட்டி அவரு மேற்பார்வைல நடக்கணும். எனக்கு இது ரொம்பப் புடிச்ச ஏற்பாடு. பெரிய மனுசன் கண்ணாடி சரியில்லன்னா திரும்பி வந்து சண்டை போடுவான், ஒம்பது வயசுப் புள்ளைக்கு உலகமே அப்புடித்தான் போலன்னு நெனைப்பு.

அந்தப் பெருக்கல் கணக்கு சொன்னேன்ல, அதுக்கு பிரென்டிஸ் விதின்னு பேரு. சார்லஸ் பிரென்டிஸ், நியூயார்க்ல கண்ணாடிக்காரர், 1890ல வெளியிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பேஷண்ட, இது வியாதி மாதிரி இருக்குன்னு சொல்லி ஒரு பெரிய கண் டாக்டர்கிட்ட லெட்டர் குடுத்து அனுப்பிருக்காரு, அந்த டாக்டர், கண்ணு பாத்ததுக்கு நீ எப்படி ஃபீஸ் வாங்கலாம்னு திருப்பிக் கேட்டாரு. அதுலேருந்து கிளம்புனவருதான், எங்களுக்கு பரிட்சை வை, லைசென்ஸ் குடுன்னு மல்லுக்கட்டுனாரு. 1901ல மினசோட்டால முதல் சட்டம் வந்துச்சு, அவரோட நியூயார்க்குக்கு 1908. டெய்லி நான் போடுற கணக்கும் லைசென்ஸ் சண்டையும் ஒரே ஆளோடதுன்னு எங்க கடைல வேலை பாக்குற, ஆப்டோமெட்ரி டிகிரி (பி.ஆப்டம்) படிச்ச தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் யோக்கியன்னு சொல்லிக்க வரல. நானே சர்டிஃபிகேட் இல்லாம தொழில் கத்துக்கிட்டவன்தான். மொத நாலு வருஷம் கூட்டிப் பெருக்கி, கல்லுல லென்ஸ் ஓரம் அரைச்சு, எத்தன லென்ஸ ஒடச்சேன்னு கணக்கில்ல. சொல்லிக் குடுத்த அண்ணன் எட்டாவதுகூட முடிக்கல, ஆனா அளக்காம ஒரு லென்ஸ்ல கை வைக்க விடமாட்டாரு. நாளைக்கே டிகிரி இருந்தாத்தான் ஃபிட்டிங்னு சட்டம் வந்தா அந்த அண்ணன் மாதிரி ஆளுதான் மொதல்ல வெளில போவாரு, ஃபிரேம் நடுல சென்டர் வச்ச அந்தக் கடை ஒரு டிகிரி சர்டிஃபிகேட்ட சுவத்துல மாட்டிட்டு அப்புடியே ஓடும். அதனால எனக்கு வேணுங்கிறது சின்னதுதான், புள்ளைங்க கண்ணாடிக்கு மட்டுமாவது பில்லுல பி.டி.யும் அளந்தவர் கையெழுத்தும் கட்டாயம்னு வரட்டும், பழைய ஆளுங்களுக்கு கைவேலைப் பரிட்சை வச்சு ரிஜிஸ்டர் பண்ணட்டும்.

பாப்பாவுக்கு சின்ன ஃபிரேமா, 42 – 14, பாலிகார்பனேட் லென்ஸ் போட்டு 56லயே சென்டர் வச்சுக் குடுத்தேன். விளையாடுற புள்ளைக்கு பாலிகார்பனேட்தான் போடணும், பந்து பட்டா சாதா லென்ஸ் மாதிரி லேசுல ஒடையாது. நாலு நாள் கழிச்சு அப்பா போன் பண்ணாரு, மூணாவது பீரியடு தாண்டிருச்சாம்.

நான் இப்பல்லாம் எல்லா கார்டுலயும் பி.டி. எழுதிக் குடுக்குறேன், தம்பிக்கு அதுல கோவம். காரணம் இருக்கு, போன மாசம் ஒருத்தரு அந்த நம்பர வச்சு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு, கண்ணாடி வந்ததும் நம்ம கடைக்கே வந்து, "காதுல லூசா இருக்கு, கொஞ்சம் டைட் பண்ணித் தாங்கண்ணே"ன்னு நிக்கிறாரு. தம்பி என்னைய ஒரு பார்வை பாத்தான். நான் ஹீட்டர ஆன் பண்ணி கம்பிய வளைச்சுக் குடுத்தேன், அப்புடியே லென்ஸ் மீட்டர்லயும் ஒருதடவ வச்சுப் பாத்தேன். சென்டர் கரெக்டாத்தான் இருந்துச்சு, போங்க.