வாசிப்பின் வேகத்தைச் சீர்செய்தல்

பதிவான வாசிப்பு விரைவாகத் தோன்றினால், பலரும் முதலில் நாடுவது ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியின் ‘சேஞ்ச் டெம்போ’ வசதியைத்தான். அது சுருதியை மாற்றாமல் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அளவு சற்றுக் கூடினாலும் நெடில்கள் இழுபடுவது காதை உறுத்தும். சொற்களைத் தொடாமல், வாக்கியங்களுக்கு இடையிலுள்ள அமைதியை அரை நொடியிலிருந்து முக்கால் நொடியாக நீட்டுவதையே நான் விரும்புகிறேன். அங்கே முழு நிசப்தத்தை ஒட்டினால் அறையின் மெல்லிய இரைச்சல் சட்டென்று அறுந்து ஒட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், பதிவின் தொடக்கத்தில் எவரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் 10 நொடி பிடித்துவைத்து, அதிலிருந்தே வெட்டிச் சேர்க்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டுவதற்கு, நீண்ட இடைவெளிகளைத் தானே சுருக்கும் ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ வசதி உதவும். ஆனால் ‘படித்துப் பார்த்தான்’ என்கையில் ‘ப்’ ஒலிக்காக உதடு மூடும் கணமும் அலைவடிவத்தில் இடைவெளியாகவே தெரியும். சுருக்க வேண்டிய இடைவெளியின் குறைந்தபட்ச நீளத்தை மிகச் சிறிதாக வைத்தால், மென்பொருள் அந்த வல்லினத்தையும் விழுங்கிவிடும். மூச்சொலியை அடியோடு நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, தணித்தால் போதும்.