1954-இல் கைவிட்டது

அண்ணன் மகன் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறான். புதுச்சேரியில் இது அதிசயமில்லை, எங்கள் தெருவிலேயே சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) குடும்பங்கள் உண்டு. இப்போது அவனுக்கு ருமேனியாவில் பணி. உக்ரைன் போர் தொடங்கிய 2022-இல் நேட்டோ ராணுவக் கூட்டணி அங்கே நிறுத்திய படைக்குப் பிரான்ஸ்தான் தலைமை.

அமெரிக்கா எப்போதும் துணைக்கு வரும் என்ற நம்பிக்கை தளர்ந்துவிட்டதால், சேர்ந்து ஆயுதம் வாங்க 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் 15,000 கோடி யூரோ கடன் திட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் பணம் மட்டும் போதாது. நாட்டுக்கு நாடு வேறு டாங்கி, வேறு பீரங்கி என்றால் அவசரத்துக்கு உதிரிபாகம்கூட மாற்றிக்கொள்ள முடியாது.

பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரு ராணுவம் என்று 1952-லேயே கையெழுத்தானது. 1954 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றமே அதைக் கைவிட்டது. (புதுச்சேரி அவர்கள் கையைவிட்டு வந்ததும் அதே வருடம் நவம்பரில்தான்.) ஜெர்மனிக்கு மறுபடி ஆயுதமா என்று அன்று பயந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பைப் பார்த்த தலைமுறை, அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இன்று அதற்கு இடமில்லை. பல காலம் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராதிருந்த பின்லாந்தும் சுவீடனுமே நேட்டோவில் சேர்ந்துவிட்டன.

அண்ணி கேட்பது ஒன்றுதான்: "ருமேனியாவை அடித்தால் மற்றவர்கள் வருவார்களா?" வர வேண்டும் என்று ஒன்றியத்தின் ஒப்பந்தம், 42.7-ஆம் பிரிவு, சொல்கிறது. வருகிறவர்களிடம் போதுமான குண்டும் இருக்க வேண்டும், அதை இப்போதே எல்லா நாடுகளும் சேர்ந்து செய்யுங்கள் என்கிறேன் நான்.