டயர் கடைக்காரர் கொடுத்த காசோலை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் என் மகன் பந்தை உதைக்கும் கிக்கராக ஆடுகிறான். உதவித்தொகை ஏதுமின்றி, அணித் தேர்வில் கலந்துகொண்டு இடம்பிடித்த 'வாக்-ஆன்' அவன். 2025 ஆகஸ்டில் அந்த ஊர் டயர் கடைக்காரர் ஒருவர், மூன்று இன்ஸ்டாகிராம் வீடியோக்களுக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கடையில் இருந்து ரசிகர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் சேர்த்து 1,500 டாலர் தர முன்வந்தார். 2021 ஜூலைக்கு முன்பு இப்படிப் பணம் வாங்கியிருந்தால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி அவன் ஆடும் தகுதியையே இழந்திருக்கக்கூடும்.

நான்கு பக்க ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, வரிக்கு வரி வாசித்தோம். அவனுடைய பெயரையும் படத்தையும் காலவரையறையின்றிப் பயன்படுத்தலாம் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, டிசம்பர் 31 வரை மட்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். கடைக்காரர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் சின்னத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்த முடியாது என்பதால், சாதாரணச் சாம்பல் நிற டி-சர்ட் அணிந்துதான் அவன் வீடியோவில் நின்றான்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்களோடு செய்யும், 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களை ஐந்து வேலை நாட்களுக்குள் 'என்.ஐ.எல். கோ' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வீரரின் பெயர், படம், அடையாளம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் ஒப்பந்தங்களைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். பணம் கொடுப்பவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை அவசரத்தில் நாங்கள் நிரப்பாமல் விட்டதால் விண்ணப்பம் திரும்பி வந்தது. அது சும்மா கேட்கப்படும் கேள்வி அல்ல. ஒருவர் தம் வாழ்நாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 50,000 டாலருக்கு மேல் நன்கொடை அளித்திருந்தால் அவர் 'தொடர்புடையவர்' ஆகிவிடுகிறார். அப்போது அந்த விளம்பரம் உண்மையிலேயே வணிகத்துக்குத் தேவையானதா, ஒத்த நிலையில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் தொகைக்குள் இந்தத் தொகையும் அடங்குகிறதா என்றெல்லாம் ஆராய்வார்கள். எங்கள் கடைக்காரர் அங்கேயே படித்தவர் என்பதால் எனக்குப் பயமாகவே இருந்தது. அவர் பழைய நன்கொடை ரசீதுகளை ஒரு கோப்பில் கொண்டுவந்து கல்லாமேசையில் வைத்துக் கூட்டிப் பார்த்தார். வரம்புக்கு வெகு கீழே இருந்தது. மீண்டும் விண்ணப்பித்தோம், ஒப்புதல் கிடைத்தது.

அதே வாரத்தில் நன்கொடையாளர் குழு ஒன்றின் சார்பில் ஒருவர் தொலைபேசியில் பேசினார். மாதம் ஒரு நிகழ்ச்சியில் தலைகாட்டினால் போதும், மாதாமாதம் பணம் வரும் என்றார். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் அந்த மாதமே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். விளம்பரம் என்ற பெயரில் ஆட்டத்துக்குத் தரும் கூலி அது. நாங்கள் வேண்டாம் என்றோம்.

"டயரைப் பத்திப் பேசினா காசு வருது, பந்தை உதைச்சா வரலையேம்மா" என்று அன்றிரவு மகன் கேட்டான். வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த சமரசத் தீர்வின்படி, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டான 2025-26இல் தலா ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தம் வருவாயிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். எங்கள் பல்கலைக்கழகம் பகிர்ந்ததில் என் மகனின் பங்கு பூஜ்யம். ஒருவனின் முகத்தை வைத்துப் பொருள் விற்பவர் அந்த முகத்துக்கு உரிய விலையைத் தர வேண்டும். டிக்கெட்டும் தொலைக்காட்சி உரிமையும் விற்கும் பல்கலைக்கழகம் ஆட்டத்துக்கு உரிய விலையைத் தர வேண்டும். இரண்டாவது கடமையை நன்கொடையாளர் தலையில் கட்டிவிட்டால், அவர் மனம் மாறும் நாளில் பையன் யாரிடம் போய்க் கேட்பான்?

காசோலை செப்டம்பரில் வந்தது. அவன் சுயதொழில் செய்பவனாகக் கருதப்படுவதால் 15.3 சதவீதச் சுயதொழில் வரி உண்டு, வருமான வரி தனி. அதனால் 500 டாலரை வேறு கணக்கில் ஒதுக்கிவைக்கச் சொன்னேன். உதவித்தொகை பெறாத வீரர்களுக்கு இந்த வருவாய்ப் பங்கில் ஏன் எதுவும் இல்லை என்று கேட்டு விளையாட்டுத் துறை இயக்குநருக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அங்கே நேரில் கேட்பேன்.