மதுரை – நத்தம் – சிறுமலை – சோழவந்தான்: மூன்று நாள் குழு சைக்கிள் பயண நாட்குறிப்பு

ஜனவரி 18, 2026, ஞாயிறு (தை 4)

வழி முடிவாகிவிட்டது. 24 சனி: மதுரையிலிருந்து நத்தம், சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல். 25 ஞாயிறு: சிறுமலை ஏறி, இறங்கி, மறுபடி திண்டுக்கல். 26 திங்கள், குடியரசு நாள் விடுமுறை: கொடைரோடு, நிலக்கோட்டை, அணைப்பட்டி, சோழவந்தான் வழியாக மதுரை. மொத்தம் 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். பேர் கொடுத்தவர்கள் 32 பேர். பின்னால் சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி.

கவனிக்க வேண்டிய ஒன்று: பிப்ரவரி 1 தைப்பூசம். அதற்கு முந்தைய வாரம் நத்தம் – திண்டுக்கல் சாலை பழனிப் பாதயாத்திரைக்காரர்களின் சாலை. சிவகங்கைப் பக்கமிருந்து வருபவர்கள் இரவிலும் விடியலிலும் இடது ஓரமாகவே நடப்பார்கள். ஓரம் அவர்களுடையது என்று வைத்துக்கொண்டுதான் நேரக் கணக்குப் போட்டிருக்கிறோம். நத்தம் தாண்டியதும் மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போக வேண்டாம்.

காற்று இப்போது வடகிழக்கிலிருந்து. நத்தம் வரை முன்பக்கமும் வலப்பக்கமுமாக அடிக்கும். நத்தத்தில் மேற்கே திரும்பியதும் முதுகுக்கு வந்துவிடும். இதே வழியை ஆடி மாதம் போட்டால் நத்தத்துக்கு அப்புறம் எதிர்காற்றில்தான் மிதிக்க வேண்டும். தையில் வைத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஜனவரி 21, புதன்

உதிரிகள் வாங்கியாச்சு. 700 அளவு ட்யூப் 12, 26 அங்குலம் 6, 27.5 அங்குலம் 6, 29 அங்குலம் 4. பஞ்சர் ஒட்டு 60. சொல்யூஷன் சின்ன ட்யூபாக 6. பெரிய டப்பா வேண்டாம், ஒருமுறை திறந்தால் இரண்டு நாளில் இறுகிவிடும். பிரேக் கேபிள், கியர் கேபிள் பின்சக்கர நீளத்தில் நாலு நாலு. முன்னுக்கு வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம். 8, 9, 10, 11 கியர் செயின்களுக்கு இணைப்புக் கண்ணி வகைக்கு இரண்டு. எல்லா வண்டிக்கும் பொருந்துகிற தற்காலிக ஹேங்கர் 2. இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் டேக் 50. தரையில் வைத்து அடிக்கும் பம்பு 2.

ஹேங்கர் என்னவென்று பலர் கேட்கிறார்கள். பின் டெரெய்லரை, அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கருவியை, சட்டத்தோடு பிடித்திருக்கும் விரல் அகல அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் விழுந்தாலோ, சக்கரத்தில் எதுவும் சிக்கினாலோ சட்டம் உடையாமல் இது உடைய வேண்டும் என்றுதான் மென்மையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு வண்டி வடிவம் வேறு. 200 கிலோமீட்டர் போகிறவர் தன் வண்டிக்கு உரியதை ஒன்று வாங்கிச் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

ஜனவரி 23, வெள்ளி, மாலை

32 வண்டியும் சோதனை முடிந்தது. ஏறுவதற்கு முடியுமா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். இறங்க முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் இந்த மாலையே. ஏற முடியாதவர் தள்ளிக்கொண்டு நடக்கலாம். பிரேக் பிடிக்காதவருக்கு வேறு வழியே இல்லை.

ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே பிடிப்பது) என்றால் பிரேக் கட்டையில் உள்ள கோடு தெரிய வேண்டும். கோடு அழிந்திருந்தால் மாற்று. கட்டையைக் கழற்றி முகத்தைப் பார்த்தால் ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்குகள் மினுங்கும். ஊசி முனையால் நோண்டி எடுத்து உப்புத்தாளில் ஒரு தேய் தேய்க்கணும், இல்லாவிட்டால் அவை ரிம்மையே அரம்போல அராவும். டிஸ்க் (சக்கர நடுவில் உள்ள தகட்டைப் பிடிப்பது) என்றால் கட்டையின் உராய்வுப் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இன்று புதுக் கட்டை போட்ட 5 பேரும் சமதளத்தில் வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் தளர்த்தி, 20 தடவை பிடித்துப் பழக்கச் சொல்லியிருக்கிறது. பழக்காத கட்டை மலையில் வழுக்கும், கத்தும்.

செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். டிஸ்க்கில் ஒரு துளி பட்டால் பிரேக் போச்சு. கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, துணியால் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

காற்று: 28 மில்லிமீட்டர் டயருக்கு 60 கிலோ எடையுள்ளவர் 70 பவுண்டு வைத்தால் போதும், 80 கிலோ என்றால் 80. டயர் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை அடிப்பதால் வேகம் கூடாது, கைதான் மரத்துப்போகும்.

ஜனவரி 24, சனி (தை 10)

5:30க்குக் கிளம்பியது. விடிய 6:35 ஆகும் என்பதால் முன்விளக்கு, பின்விளக்கு கட்டாயம். பின்விளக்கு மினுக்க வேண்டாம், நிலையாக எரியட்டும். குழுவில் மினுக்கினால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும். 2023இல் திறந்த 7.3 கிலோமீட்டர் நத்தம் மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச் சாலையிலேயே போனோம். மேலே காற்றும் லாரியும் சேர்ந்து தள்ளும்.

எட்டுப் பேர் கொண்ட நாலு அணி. வலமுன்பக்கக் காற்றுக்கு, பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் நேர் பின்னே இல்லாமல் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி இருந்தால்தான் மறைப்புக் கிடைக்கும். ஆனால் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய்விடக் கூடாது. முன்னவர் ஒரு குழிக்காக ஒதுங்கினாலே சக்கரம் உரசும். விழுவது எப்போதும் பின்னால் இருப்பவர். பழகாதவர்களுக்கு ஒரு சைக்கிள் நீள இடைவெளிதான். முன்னால் நின்று காற்றை வாங்குவது ஆளுக்கு 10 நிமிடம், பிறகு வலப்பக்கம் கை காட்டாமல் விலகுவதில்லை.

நத்தம் வரை 7 பஞ்சர். அதில் 5 சீமைக்கருவேல முள். சாலையோரம் வெட்டிப் போட்ட கிளைகள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. பஸ் ஹாரன் கேட்டு தார் விட்டு மண்ணுக்கு இறங்கியவர்களுக்குத்தான் ஏறியது. ஒன்று, லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பி. இந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் விரலைக் குத்தும். டயரின் உள்பக்கம் ஒரு துண்டுப் பஞ்சை வைத்து மெதுவாகச் சுற்றி இழுத்தால், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் பிடித்து நிற்கும். அங்கே வெளியிலிருந்து அழுத்தி, உள்ளே நீட்டும் முனையை நகவெட்டியால் பிடுங்கணும். இதைச் செய்யாமல் ட்யூபை மட்டும் மாற்றினால் 2 கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர்.

ஏழாவது பஞ்சரில் ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டை. பாம்புக் கடி என்பார்கள். காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இறங்கியதால் ரிம் விளிம்பு இரண்டும் கடித்தது.

ஒட்டு நிற்கவில்லை என்ற புகார் எல்லாப் பயணத்திலும் வரும். காரணம் அவசரம். உப்புத்தாளால் பளபளப்புப் போகும் வரை தேய்த்து, சொல்யூஷனை ஒட்டைவிட அகலமாக மெல்லிசாகப் பூசி, 5 நிமிடம் விடணும். விரல் வைத்தால் ஈரம் ஒட்டக் கூடாது. அதற்கு அப்புறம்தான் ஒட்டை வைத்து ஓரம் வரை அமுக்கணும். டயரைத் திரும்ப ஏற்றும்போது ட்யூபில் கொஞ்சம் காற்று இருந்தால் மடங்காது. கடைசி அரையடி லீவரால் நெம்பினால் புது ட்யூபே கிழியும். கட்டைவிரலால்தான் தள்ள வேண்டும்.

சாணார்பட்டிப் பக்கம் பாதயாத்திரைக் கூட்டம். பின்னாலிருந்து திடீரென மணி அடித்தால் காவடியோடு திரும்பிவிடுவார்கள். 20 மீட்டர் முன்னாலேயே "வலது பக்கமா சைக்கிள் வருது சாமி" என்று குரல் கொடுத்தோம். அவர்களே ஒதுங்கி "போங்க தம்பி" என்றார்கள். அன்னதானப் பந்தலில் மோர் கொடுத்தார்கள், உப்புப் போட்ட மோர். வியர்த்து வருபவனுக்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் இளநீர் மட்டும் குடித்துக்கொண்டே போனால் கெண்டைக்கால் பிடிக்கலாம். ஓஆர்எஸ் ஒரு பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கணும், அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். பனங்கிழங்கு ஓட்டும்போது வேண்டாம், நார் அதிகம். திண்டுக்கல் போய்ச் சேர்ந்து மாலையில் சாப்பிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு (தை 11)

சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு. அணிக்கு அணி 5 நிமிட இடைவெளி விட்டு அனுப்பியது; 32 பேரும் ஒரே வளைவில் சேர்ந்தால் பஸ்ஸுக்கு இடமில்லை.

கியர்க் கணக்கு: முன்னே 34 பல், பின்னே 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கிலோமீட்டர். இந்த வேகத்தில் பேசிக்கொண்டே ஏறலாம். சாதாரணக் கியர் இல்லாத வண்டியில் முன்னே 44, பின்னே 18. பெடல் ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்கு மேல். அந்த இரண்டு வண்டிக்காரர்களும் செங்குத்தான இடங்களில் இறங்கி நடந்தார்கள். முழங்காலைக் காப்பாற்ற அதுதான் சரி.

வளைவின் உள்விளிம்புதான் செங்குத்து. ஏறும்போது எதிரே யாரும் இல்லை என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம் வெளியே வாங்கி ஏறலாம். செங்குத்து வருவதற்கு 10 மீட்டர் முன்னாலேயே கியர் இறக்கிவிட வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றியதில் இருவருக்குச் செயின் உள்பக்கம் விழுந்தது, ஒருவருக்குக் கண்ணி அறுந்தது. அறுந்த கண்ணியைத் தள்ளி எடுத்து இணைப்புக் கண்ணி போடும்போது செயின் நீளம் குறைந்துபோகலாம். குறைந்தால் அதன்பின் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. டெரெய்லர் இழுபட்டு ஹேங்கரோடு வரும்.

மேலே அரை மணி. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் ஆளுக்கு இரண்டு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெட்டியாக இருக்கும், சட்டைப் பையில் நசுங்காது. தோலைச் சாலையோரம் போடாமல் பையில் கொண்டுவந்தது. போட்ட இடத்தில் குரங்கு வளைவுக்கு வளைவு உட்காரும்.

இனி இறக்கம். நேற்று முன்தினமே சொன்னதைத் திரும்பச் சொல்லி, தனித்தனியாக ஒப்புக்கொள்ள வைத்துத்தான் விட்டது. ஆளுக்கு ஆள் 30 மீட்டர் இடைவெளி. யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி, மலைச்சாலைச் சட்டமே அது. வளைவுக்கு முன்னால் நிமிர்ந்த நிலையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன் மேல். பார்வை முன்சக்கரத்தில் இல்லை, வளைவு முடியும் இடத்தில். மரநிழலில் பனி ஈரமும் சருகும் கிடக்கும், அங்கே சாய்க்காதீர்கள்.

பயத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் ஆபத்து. இறங்கும் உடம்பின் வேகம் முழுக்கச் சூடாகத்தான் மாறியாக வேண்டும். அழுத்திப் பிடித்து விட்டுவிட்டால் நடுவில் காற்று ஆற்றும், பிடித்துக்கொண்டே இருந்தால் ஆற நேரமில்லை. மூன்று இடத்தில் நிறுத்தினோம். இரண்டாவது நிறுத்தத்தில், வண்டி நின்று ஒரு நிமிடம் ஆன பிறகு, ஒரு ரிம் பிரேக் வண்டியின் முன் ட்யூப் வெடித்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கம்பித் துளைகளை மூடியிருந்த பிளாஸ்டிக் ரிம் டேப் சூட்டில் இளகி ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. ட்யூப் போக்ஸ் கம்பித் துளைக்குள் கொப்புளம்போலப் பிதுங்கி வெடித்திருக்கிறது. ஓட்டை ட்யூபின் வெளிப்பக்கம் இல்லாமல் ரிம் பக்கம் இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், டேப்பைப் பாருங்கள். துணி டேப் போட்டு, பத்து நிமிடம் ஆற விட்டு அனுப்பியது. சூடான டிஸ்க்கில் ஒரு தம்பி தண்ணீர் ஊற்றப் போனார், தடுத்தோம். தகடு கோணும்.

கியர் இல்லாத வண்டி இரண்டையும் குட்டியானையில் ஏற்றித்தான் இறக்கினோம். கம்பி பிரேக் சமதளத்துக்குச் செய்தது, இந்த இறக்கத்துக்கு இல்லை. அவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் அடுத்த முறையும் இதே முடிவுதான்.

ஜனவரி 26, திங்கள் (தை 12)

நான்குவழிச் சாலையில் கொடைரோடு வரை ஓரக்கோட்டுக்கு உள்ளேயே ஒற்றை வரிசை. நிலக்கோட்டை தாண்டியதும் நிம்மதியான சாலை, வாய்க்கால், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால்.

இங்கே வைக்கோல். அறுவடை முடிந்த இடங்களில் தாரின் மேலேயே பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். மேலே ஓட்டிப் போனால் நீளமான தாள் பின் டெரெய்லரின் சின்னச் சக்கரத்தில் சுற்றி, இரண்டே சுற்றில் டெரெய்லரைப் போக்ஸ் கம்பிக்குள் இழுத்துவிடும். "கரக்" என்று சத்தம் வந்ததும் மிதிப்பதை அப்படியே நிறுத்தணும். ஒருவர் நிறுத்தினார், தாளைப் பிளேடால் அறுத்து எடுத்ததும் வண்டி ஓடியது. இன்னொருவர் அழுத்தி மிதித்தார், ஹேங்கர் இரண்டு துண்டு. தற்காலிக ஹேங்கர் மாட்டி மூன்றே கியரில் மதுரை வந்து சேர்ந்தார். வைக்கோலைக் கண்டால் இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு நடங்கள். விவசாயியின் களம் அது, மிதிக்காமல் போவதே முறையும்.

1:10க்கு 32 பேரும் மதுரை.

ஜனவரி 27, செவ்வாய்

கழுவல். செயினுக்கு அரை லிட்டர் மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி. முழுக்கக் காய்ந்த பிறகுதான் புது எண்ணெய். பிரேக் கட்டைகளைத் திரும்ப அளந்ததில் பிடித்துக்கொண்டே இறங்கிய வண்டிகளில் தேய்மானம் தனியாகத் தெரிகிறது. ஆறு வண்டிக்குக் கட்டை மாற்ற வேண்டும், நாலு வண்டிக்கு ரிம் டேப் துணிக்கு மாற வேண்டும். யார் யார் வண்டி என்று ஹேண்டில் பாரில் சீட்டு எழுதிக் கட்டியாச்சு.